கண்ணாடிக்குள் அண்ணன்

அண்ணனின் கண்கள் என் முகத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் அண்ணி. அவர் கையிலிருந்த பால் சொம்பு விழுந்து உருண்ட சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"தம்பி, கழட்டுங்க. மொதல்ல அதக் கழட்டுங்க."

பதறிப்போய், மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றினேன். அண்ணி சமையலறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தரையில் பால் ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகல், பதினொரு மணி இருக்கும். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தன.

"அவரு கண்ணுங்க," என்றார். "உங்க மூஞ்சில அவரு கண்ணு இருந்துச்சு. என்னையப் பாத்துச்சு."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். நான்கு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிற மனுஷிக்கு எதுவும் தோன்றும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொன்பது வயது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, நான்கு இட்லி சாப்பிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் அங்கே, மற்ற நாட்களில் அதியமான்கோட்டை வீட்டிலிருந்தே வேலை. அவன் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். நடுவில் ஒரு முருங்கை மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. நான் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். அதனால் ஊரில் யார் வீட்டில் எது பழுதானாலும், டிவி ரிமோட் முதற்கொண்டு, என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்தது பதினொன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான். அப்படிச் சொன்னால் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஹெட்செட்டை வீட்டில் எல்லோரும் கண்ணாடி என்றுதான் சொல்வோம். நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மாட்டிக்கொண்டால் நம் வீடும் தெரியும், வீட்டுக்குள் இல்லாத பொருட்களும் தெரியும். கம்ப்யூட்டர் திரைகளைக் காற்றில் எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம். எதைப் பார்க்கிறோமோ அதைத்தான் அழுத்தப்போகிறோம் என்று அதற்குத் தெரியும். இரண்டு விரலைச் சேர்த்தால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அண்ணனின் கம்பெனி அதை அவனுக்குச் சோதனை வேலைக்காகக் கொடுத்திருந்தது. இந்தப் புதுக் கண்ணாடியில் வெளி நிறுவனங்களின் பாஸ்வேர்டு மேனேஜர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. நம்முடைய கடவுச்சொற்களையெல்லாம் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, பெட்டிக்கு மட்டும் ஒரே ஒரு பெரிய கடவுச்சொல் வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது.

"கண்ணாடியிலயே அந்தப் பெட்டி இருக்குதே, அப்புறம் எதுக்கு வெளியாளு பெட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வூடு கட்டுன மேஸ்திரிகிட்டயே சாவியையும் குடுத்து வெப்பியாடா?" என்றான். அதோடு விட்டிருந்தால் அவன் என் அண்ணன் இல்லை. பூட்டு, சாவி, கண்ணின் ரேகை, விரல் ரேகை என்று அரை மணி நேரம் பேசினான். நான் கொட்டாவி விட்டேன். நான் காது கொடுக்காமல் விட்ட பேச்சுகளில் அதுவும் ஒன்று.

ஐப்பசி கடைசியில் கம்பெனியிலிருந்து அண்ணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆழ்ந்த அனுதாபம், பிறகு ஒரு வரி. மாதக் கடைசிக்குள் சாதனத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்ததும் அதிலிருப்பதெல்லாம் அழிக்கப்படும். அண்ணி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தைத் தாண்டி என் வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா வீடியோல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதுங்க தம்பி."

அவர்கள் குழந்தைக்கு அப்போது இரண்டேகால் வயது. அண்ணனின் போனில் குழந்தையின் படங்கள் ஆயிரம் இருக்கும். எடுத்தவன் அவன் என்பதால் ஒன்றில்கூட அவன் இல்லை. கல்யாண ஆல்பத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறவனை அப்பா என்று காட்டினால் குழந்தை "மாமா" என்கிறது. ஆனால் கண்ணாடியில் எடுத்த படங்கள் வேறு மாதிரி. பார்த்தால் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல முழு உருவத்தில் தெரியும். ஒருமுறை அண்ணி அதை மாட்டிக்கொண்டு, அவன் குழந்தையைக் கட்டிலில் போட்டுக் கதை சொல்லித் தூங்கவைத்ததை முழுதாக எடுத்திருக்கிறார். மற்றதெல்லாம் அவன் மாட்டிக்கொண்டு எடுத்தவை. அதில் அவன் முகம் இருக்காது. குழந்தையைத் தூக்குகிற அவன் கைகள் இருக்கும், பேச்சு இருக்கும், சிரிப்பு இருக்கும். அந்தக் குழந்தைக்கு அப்பா என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் அது அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது. கம்பெனிப் பொருள் என்பதால் அண்ணன் அவற்றையெல்லாம் தனியாக ஒரு பூட்டிய பெட்டகத்தில் போட்டு வைத்திருந்தான். பெட்டகத்தின் கடவுச்சொல் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் இருந்தது. பாஸ்வேர்டு மேனேஜரின் கடவுச்சொல் அவன் தலைக்குள் இருந்தது.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை அண்ணன் வீட்டில் நான் கண்ணாடியை மாட்டினேன். கண்ணாடியைத் திறக்கிற ஆறு எண்கள் அண்ணிக்குத் தெரியும். போட்டேன். திறந்தது.

அண்ணி கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் பார்த்ததை அண்ணியிடம் அன்று சொல்லவில்லை. அடுப்புக்கு மேலே காற்றில் ஒரு சின்னச் சதுரம் நின்றது. அதில் பால் பொங்குவதற்கான கடிகாரம். வாசல் நிலைக்குப் பக்கத்தில் குழந்தையின் தடுப்பூசிப் பட்டியல். ஜன்னலில் மழை வருமா என்ற தகவல், அன்றைய தேதியோடு. அவன் தொங்கவிட்டதெல்லாம் தொங்கவிட்ட இடத்திலேயே இருந்தது. கண்ணாடி அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையையும் நினைவில் வைத்திருந்தது. அண்ணன் என்னைவிட அரை அடி உயரம். எல்லாம் அவன் கண் மட்டத்தில் இருந்ததால் நான் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. நான்கு மாதமாக அண்ணி அவற்றுக்கு நடுவில்தான் சமைத்து, பெருக்கி, நடமாடிக்கொண்டிருந்தார். 

அண்ணி சொன்னது பொய்யில்லை என்று அன்று மாலையே தெரிந்தது. என் மனைவியைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, மறுபடி மாட்டிக்கொண்டேன். அவள் எதற்கும் அசராதவள், பாம்பைத் துடைப்பத்தால் தள்ளுகிறவள். என்னைப் பார்த்ததும் அவள் கை தானாகச் சிலுவை போட்டது.

"மாமா கண்ணேதாங்க," என்றாள். "எடது எமை கொஞ்சம் எறங்கி இருக்குமே, அதுகூட."

விஷயம் இதுதான். மாட்டியிருப்பவருடைய கண்களை எதிரே இருப்பவர்கள் பார்க்கும்படி அந்தக் கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. முதன்முதலாக வாங்கும்போது அது நம் முகத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் இமைத்தால் அந்தப் படம் இமைக்கும், நாம் திரும்பினால் அது திரும்பும். அண்ணனின் ஆறு எண்களைப் போட்டுத் திறந்ததால் மாட்டியிருப்பவன் அண்ணன்தான் என்று அது நம்பிவிட்டது. நான் இமைத்தேன், அவன் கண் இமைத்தது. வாத்தியாருக்கு இதை விளக்கிச் சொல்வது சுலபம். விளக்கிச் சொன்ன பிறகும் என் மனைவி அன்று இரவு எனக்குச் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நான் பள்ளிவிட்டு வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலை செய்கிற அறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், பாஸ்வேர்டு மேனேஜரின் திரை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் நிற்பேன். முதலில் அது கண்ணைக் காட்டு என்று கேட்கும். காட்டுவேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, பொருந்தவில்லை என்று சொல்லும். வெளியே நிற்பவர்களுக்கு நான் அண்ணன், உள்ளே இருக்கிற பெட்டிக்கு நான் திருடன். பிறகு கடவுச்சொல்லைக் கேட்கும். ஒரு கோடு விட்டுவிட்டு மின்னும்.

கல்யாணத் தேதி. குழந்தையின் ஞானஸ்நானப் பெயர். எங்கள் அப்பாவின் பெயரோடு நிலத்து சர்வே எண். அவனுடைய முதல் பைக்கின் எண். ஒவ்வொரு தவறுக்கும் அது அடுத்த முறை காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனது. அவன் போனிலும் அதே பெட்டி, அதே கேள்வி. பெட்டியை விற்கிற நிறுவனத்துக்கு எழுதினேன். மிகவும் வருந்துகிறோம், உங்கள் அண்ணனின் சாவி எங்களிடமும் இல்லை, அதுதான் எங்கள் பாதுகாப்பு என்று பதில் வந்தது. அந்த மரியாதையான பதிலைப் படித்துவிட்டு நான் செல்போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

காற்றில் விசைப்பலகை மிதக்கும், ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணால் தேடி விரலைச் சேர்க்க வேண்டும். எழுத்துத் தேடும்போது என் கண்கள் இடமும் வலமும் அலையும். அதே நேரம் வெளியே அண்ணனின் கண்களும் அலையும். ஒருநாள் அண்ணி அறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றதை, எழுத்துகளுக்குப் பின்னால் கண்டேன். இப்போது அவர் பயப்படவில்லை.

"எதையோ தொலச்சிட்டு தேடற மாரியே இருக்குது," என்றார். "அப்படித்தான் தேடுவாரு. சாவி கையிலயே இருக்கும், வூடு பூரா தேடுவாரு."

சொன்னவர் அப்படியே நின்றார். ஏதோ நினைவுக்கு வந்துவிட்டது.

"தம்பி, ஒரு பேப்பர் இருந்துச்சுங்க."

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையோரத்து ஜெராக்ஸ் கடையில் ஒரே ஒரு தாள் அச்செடுத்துக்கொண்டு வந்தானாம். அதை நான்காக மடித்தானாம். "எனக்கு எதாச்சும் ஆயிட்டா இது வேணும், இது ஒண்ணு இருந்தா எல்லாம் தொறக்கும்" என்றானாம். அண்ணி, "நல்ல நாள்ல என்ன பேச்சு" என்று வாயை அடைத்திருக்கிறார். எங்கே வைத்தான் என்று கேட்கவில்லை. எனக்கு உடனே புரிந்தது. கடவுச்சொல் மறந்துபோனால் பெட்டியைத் திறப்பதற்கென்று அந்த நிறுவனங்கள் கொடுக்கிற அவசரத் தாள் அது. அச்செடுத்து, திருடன் கைக்குப் போகாத இடத்தில் வைக்கச் சொல்வார்கள்.

அந்தச் சாயங்காலம் என் மனைவியையும் சேர்த்து மூன்று பேரும் வீட்டைப் புரட்டிப் போட்டோம். பீரோ, லாக்கர், பத்திரப் பை, அரிசி டிரம், சமையல் எரிவாயுப் புத்தகம், மாதா படத்தின் பின்பக்கம். குழந்தை நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துத் தானும் துணிகளை இழுத்துப் போட்டது. ஏழு மணி வாக்கில் என் மனைவி தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, மாமா எப்பவும் பத்திரமா எதையாச்சும் வெக்கணும்னா எங்க வெப்பாரு?"

"செபப் புஸ்தகத்துலதான். அதுக்கு ஜிப்பு வெச்ச ஒற இருக்குதில்ல. கொழந்த மொத தடவ வெட்டுன நகம்கூட அதுலதான் வெச்சிருந்..."

அண்ணி பாதியில் நிறுத்திவிட்டார்.  மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

அந்தச் செபப் புத்தகத்தைச் சவப்பெட்டிக்குள் வைத்தவன் நான்.

எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றி, அவர்கள் பயன்படுத்திய செபப் புத்தகத்தைக் கைக்கடியில் வைத்துத்தான் சவப்பெட்டியை மூடுவோம். அப்பாவுக்கும் அப்படித்தான் வைத்தோம். அண்ணனுக்கு அன்று யாரோ "புஸ்தகம், புஸ்தகம்" என்று சத்தம் போட்டார்கள். நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். உறையைப் பிடித்தபோது கட்டைவிரலுக்கடியில் தடிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. புனிதர் படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜிப்பைத் திறந்து பார்க்க இரண்டு நொடி போதும். பார்க்கவில்லை. அவன் விரல்களைத் தூக்கி அடியில் செருகினேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. அந்தத் தடிப்பும் இருக்கிறது.

அன்று நான் என்னைத் திட்டிக்கொண்டது போதாதென்று அண்ணனையும் திட்டினேன். உலகத்தில் இருக்கிற பூட்டையெல்லாம் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தவன், இதைப் போய் எங்கே வைத்தான் பார் என்று கத்தினேன். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு திருடன் வீட்டுக்குள் வந்தால் கைவைக்காத ஒரே பொருள் அதுதான். பிணத்தோடு போகிற ஒரே பொருளும் அதுதான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தன் சாவுக்காக ஏற்பாடு செய்தவன், தன் அடக்கத்தை நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மூன்று வாரத்துக்கு முன்பு கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டிருந்தோம். பூக்கள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. குழி வெட்டுகிறவர் ஓர் ஓரத்தில் களை கொத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபாதர் ஒத்துக்கணும், தாசில்தார் ஒத்துக்கணும். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னே வெய்யிங்க வாத்தியாரே. இந்தப் பக்கம் பூரா களிமண்ணு. மழத்தண்ணி எறங்குனா நிக்கும். நாலு மாசம் ஆச்சு. காகிதம் கூழாப் போயிருக்கும்."

"உறை இருக்குதுங்க. ஜிப்பு வெச்ச ரெக்சின் உறை."

"இருக்கலாம். இல்லீங்கல. ஆனா பெட்டியத் தொறந்தா நீங்க பாக்க வேண்டியது புஸ்தகத்த மட்டும் இல்லீங்க."

 சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஆறடி கீழே, என் அண்ணன் கைக்குள், ஒரு ரெக்சின் உறைக்குள், நான்காக மடித்த தாளில், அவன் குரலும் கையும் சிரிப்பும் திறக்கிற எழுத்துகள் இருந்தன. ஒருவேளை ஒரு எழுத்துகூடக் கலையாமல் இருந்திருக்கலாம். மண்டியிட்டு உட்கார்ந்து மண்ணில் கை வைத்தேன். மேல்மண் சூடாக இருந்தது. விரலை அழுத்தினால் உள்ளே ஈரம். நான் எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. குழி வெட்டுகிறவர் வந்து என் தோளைத் தொட்டு, "எந்திரிங்க வாத்தியாரே, தோண்டறீங்க நீங்க" என்றார். பார்த்தேன். என் நகக்கண்களில் மண் இருந்தது.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஃபாதர் காலில் விழுந்தாவது அனுமதி வாங்கியிருப்பேன். அவர் நிறைய நேரம் யோசிக்கவில்லை.

"வேணாம் தம்பி. அவரு கையில நாம குடுத்தது. திரும்ப அந்தக் கையிலருந்து புடுங்க வேணாம்."

"பாப்பாவுக்கு என்னங்க அண்ணி இருக்குது அப்புறம்?"

 மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கண்ணு இருக்குதில்ல."

எனக்குப் புரிந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். முடியவே முடியாது என்றேன். என் மனைவியும் "என்னக்கா இது, செத்தவங்கள வெச்சு வெளையாடறதா" என்றாள். அண்ணி அழவில்லை, கெஞ்சவில்லை. திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம், குழந்தை பார்க்கட்டும் என்றார். தாளைக் குழிக்குள் வைத்தவன் என்ற முறையில் எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அண்ணன் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். என் குரல் அவன் குரல் இல்லை என்பதால் வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார். குழந்தையை உள்ளே அனுப்பினார்கள்.

அது இரண்டடி வந்து நின்றது. கண்ணாடியின் கேமரா வழியாகத்தான் நான் அதைப் பார்த்தேன். கொஞ்சம் மங்கலாக, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக. குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் எதையோ பார்த்தது.

"அப்பா," என்றது.

சாதாரணமாகச் சொன்னது, பக்கத்து அறையிலிருந்து வந்தவனைப் பார்த்துச் சொல்வதுபோல. ஓடிவந்து என் மடியில் ஏறியது. உள்ளங்கையைக் கண்ணாடிமேல் வைத்துத் தடவியது. எனக்கு எதிரே ஒரு பெரிய கை வந்து உலகத்தை மறைத்தது. பிறகு இறங்கி ஓடிப்போய் ஒரு பொம்மை நாயைக் கொண்டுவந்து காட்டியது. பூனை குட்டி போட்டதைச் சொன்னது. அம்மா அடித்ததைச் சொன்னது. நான்கு மாதத்துச் சேதியெல்லாம் அதன் வாயிலிருந்து பாதி வார்த்தைகளாகக் கொட்டியது. நான் தலையாட்டினேன். இமைத்தேன். உள்ளே என் கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்கோரம் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே அவன் கண்ணில் அது தெரிந்திருக்காது. அந்தக் கண்ணுக்கு அழத் தெரியாது.

அண்ணி வாசலில் நின்றபடி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெரியாமல் அவர் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போலச் சிவந்து குனிந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பார்க்கக் கூடாத ஒன்றை இன்னொருவன் கண் வழியாகப் பார்த்துவிட்டேன் என்று பட்டது. சட்டென்று கண்களை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் குழந்தை இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. பட்டை தளர்ந்திருக்க வேண்டும். கழன்று அதன் கையோடு போய்விட்டது. கண்ணைத் திறந்தேன். எதிரில் குழந்தை. அது என்னைப் பார்த்தது. கையிலிருந்ததைப் பார்த்தது. அதைத் திருப்பி உட்பக்கம் முகத்தை நுழைத்துத் தேடியது. உள்ளே கருப்பாக ஒன்றுமில்லை. பிறகு மறுபடி என்னை, என் ஈரமான கண்ணை, வெகுநேரம் பார்த்தது. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது அழவில்லை.

மூன்றாம் நாள் கூரியர்காரர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. சாதனம் வந்து சேர்ந்தது, எல்லாம் அழிக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்போது தை பிறந்துவிட்டது. குழந்தை நன்றாகப் பேசுகிறது. ஆல்பத்தில் இருப்பவனை அது இன்னும் மாமா என்றுதான் சொல்கிறது. நான் பள்ளிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் முருங்கை மரத்தைத் தாண்டி ஓடிவரும். நான் உட்காரும்வரை காத்திருக்கும். உட்கார்ந்ததும் மடியில் ஏறி, இரண்டு உள்ளங்கையாலும் என் கண்களைப் பொத்தும். கொஞ்ச நேரம் பொறுத்துக் கையை எடுத்துப் பார்க்கும். மறுபடி பொத்தும். மறுபடி பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேற்று மூன்றாவது முறை கையை எடுத்தபோது பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. என் கன்னத்தில் பட்டென்று ஒரு அடி வைத்தது.

"சித்தப்பா, அப்பாவ வெளிய வுடு."

அண்ணியைப் பார்த்தேன். துணி காயப்போட வந்தவர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். குழந்தையை அதட்டவில்லை. அவரும் என் கண்களைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.